படித்துக் காட்டாத பத்தி

எனக்கு அந்த ஐந்து பங்குகளை வாங்கிக் கொடுத்தவர் என் அக்காள் கணவர். பேரையூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் பருத்தி விளைவிப்பவர். எழுபதுகளின் பிற்பகுதியில், எங்கள் பக்கத்துப் பருத்திக்காரர்களும் மதுரையின் சில வியாபாரிகளும் ஆசிரியர்களும் கூடி ஒரு ஜின்னிங் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். பருத்தியிலிருந்து விதையைப் பிரித்து, பஞ்சை அழுத்திப் பேல் கட்டுகிற ஆலை அது. அதில் அவருக்கு முப்பது பங்குகள் உண்டு. ஒருநாள் தல்லாகுளத்தில் நான் தங்கியிருந்த மாடி அறைக்கு வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அதில் என் பெயர் இருந்தது.

"என்னத்துக்கு மச்சான் இது?"

"பங்கு இருந்தாத்தான் மாப்ள மீட்டிங்குல பேச விடுவாக. ஒன்னய மாதிரி வாயுள்ளவன் நம்ம பக்கம் ஒருத்தன் இருக்கணும்ல."

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். ஆனால் எவரேனும் என்ன தொழில் என்று கேட்டால், "பேச்சாளர்" என்றே சொல்வேன். அறைச் சுவரில் ஆணியடித்துப் பலகை போட்டு, கல்லூரி நாள் தொட்டு வாங்கிய கோப்பைகளை அடுக்கியிருந்தேன். எந்தத் தலைப்பையும், எந்த அணியிலிருந்தும், ஐந்து நிமிட முன்னறிவிப்பில் பேசி வெல்ல என்னால் முடியும். இதை அன்று பெருமையாகச் சொன்னேன். இன்று இதை ஒரு தகவலாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு இதுவே காரணம்.

மச்சானுக்கு ஒரே ஒரு கனவு இருந்தது: கிணறு. வானம் பார்த்த பூமியில், ஒரு போகப் பருத்தியோடு ஆண்டு முடிந்துவிடும். என் அக்காள் குடிதண்ணீருக்கே ஊருணிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கிணறு வெட்ட ஆள், பாறைக்கு வெடி, பிறகு உள்சுவருக்குக் கல் கட்டு. இதில் கல் கட்டுதான் முக்கியம். கரிசல் மண் வெயிலில் இரும்பாக நிற்கும். மழையில் ஊறினால் கூழாகிச் சரியும். வெட்டிய கிணற்றுக்கு அடுத்த மழைக்குள் கல் கட்டி ஏற்றாவிட்டால் வெட்டாததற்குச் சமம். ஆகவே அவர் அவசரப்படவில்லை. இரண்டு வெள்ளாமைப் பருத்தியை விற்காமல் கம்பெனியிலேயே அரைத்து, பேல் கட்டி, கம்பெனியின் சரக்குக் கிடங்கான கிட்டங்கியில் போட்டு வைத்தார். விலை ஏறும்போது மொத்தமாக விற்றுக் கிணற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஒன்பது பேல். ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் உண்டு, மச்சானுடையது நாற்பத்தொன்று. ஒவ்வொரு பேலின் சாக்கின் மேலும் நீல மையில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும்.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டம் புரட்டாசியில் தல்லாகுளத்துத் திருமண மண்டபம் ஒன்றில் கூடியது. கம்பெனியின் தலைவரை நாங்கள் சேர்மன் என்றே அழைப்போம். பஞ்சு வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். கடன் கொடுக்கும் வங்கி, பங்குதாரர்கள் சார்பில் ஒரு தணிக்கைக் குழு இருந்தால் நல்லது என்று கேட்டிருப்பதாக அவர் அறிவித்தார். எங்கள் அளவுள்ள கம்பெனிக்கு அப்படியொரு குழு சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் மூவரை முன்மொழிந்தார். ஒருவர், ஊர்ப் பஞ்சாயத்துகளில் தீர்ப்புச் சொல்லும் பெரிய விவசாயி. இன்னொருவர், சேர்மனின் சம்பந்தி, ஜவுளிக்கடைக்காரர். மூன்றாம் இடத்தைச் சபையே நிரப்பட்டும் என்றார்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கோச்சடையில் குடியிருப்பவர், மிஷன் பள்ளி ஒன்றில் வணிகவியல் ஆசிரியை. தந்தை விட்டுச் சென்ற பங்குகள் அவர் பெயரில் இருந்தன. கையில் ஒரு தாள். தாளைப் பார்த்தே படித்தார்.

"டீச்சர், சத்தமா சொல்லுங்க, காதுல விழுகல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மைக்கக் குடுங்கப்பா அந்தம்மாவுக்கு."

மைக் வந்தது. அதில் அவருடைய மூச்சுத்தான் முதலில் கேட்டது. அவர் சொன்னவை மூன்று. குழுவில் ஒருவராவது ஐந்தொகையை, அதாவது சொத்து-கடன் கணக்கை, படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இயக்குநர்களுக்கு உறவினரோ, அவர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவரோ இருக்கக் கூடாது. ஆண்டுக்கு இருமுறையாவது, மானேஜரும் சேர்மனும் அறையில் இல்லாமல், ஆடிட்டரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும்.

"கிட்டங்கியில எத்தன பேல் இருக்குன்னு எண்ண எல்லாராலயும் முடியும்," என்று தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார். "அது யாரோடதுன்னு கணக்கப் பாத்தாத்தான் தெரியும்."

அந்தக் கடைசி வரியை அவர் எழுதி வந்திருக்கவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால், அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றில் நிலைத்து நிற்பது அந்த ஒரு வரிதான்.

சேர்மன் முகம் கறுத்தது. சம்பந்தி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து சேர்மன் என்னைப் பார்த்தார். "தம்பி ஏதோ சொல்லணும்னு நெனைக்கிறாப்ல இருக்கு," என்றார். நான் எதுவும் நினைத்திருக்கவில்லை. ஆனால் மைக் என் கைக்கு வந்த கணத்தில், எனக்குள் ஒரு தலைப்பு முழு உருவோடு எழுந்து நின்றது: தணிக்கைக்குத் தகுதி கல்வியா, நேர்மையா?

எந்தப் பக்கம் என்பதில் எனக்கு ஐயமே வரவில்லை. கைதட்டல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பேச்சாளன் காற்றிலேயே உணர்வான்.

"அவையோரே! பூட்டுக்கு வேண்டியது உறுதி. சாவி செய்யும் கலை அன்று. கணக்கு அறிந்தவன் காவலனாக இருக்க வேண்டும் என்கிறார் ஆசிரியை. நான் கேட்கிறேன்: கணக்கை மாற்றி எழுதியவன் எவனாவது கணக்கு அறியாதவனாக இருந்தது உண்டா? உறவை ஐயுற வேண்டும் என்கிறார். உறவை ஐயுறும் ஊர், நாளை தன் நிழலையும் ஐயுறும்! ஆசிரியை அவர்கள் நம்மைத் தம் வகுப்பு மாணவர்கள் என்று எண்ணித் தேர்வு வைக்க விரும்புகிறார். கரிசல் மண்ணில் ஒவ்வோர் ஆண்டும் வானம் வைக்கிற தேர்வை எழுதித் தேறியவர்கள் நாம்!"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பும் விசிலும் எழுந்தன. ஆசிரியையின் தீர்மானத்துக்கு ஆதரவாக உயர்ந்த கைகளை எண்ண இரு கை விரல்களே போதுமாக இருந்தன. அடுத்த நொடியில் யாரோ ஒருவர், "அந்தத் தம்பியவே மூணாவது ஆளாப் போடுங்கய்யா!" என்றார். கை எண்ணும் வேலையே இருக்கவில்லை. சேர்மன் தம் தோள் துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

ஆசிரியை தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்ததை நான் பார்த்தேன். வாசலில் எதிர்ப்பட்டபோது, "நல்லாப் பேசுனீங்க தம்பி," என்றார். கேலி இல்லை. அவர் குரலில் கேலி எப்போதுமே இருந்ததில்லை என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

மச்சான் என் தோளில் கைபோட்டு அழைத்துப்போய், தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். சுக்கு தூக்கலாக இருந்தது. வண்டிக்காரரிடம், "அண்ணே, இது எங்க மாப்ள. கம்பெனி கணக்கையே இனிமே இவந்தான் பாக்கப்போறான்," என்றார்.

"அப்படியா, அப்ப எங்கணக்கையும் பாக்கச் சொல்லுங்க. நேத்து ரெண்டு டம்ளர் கொறையுது," என்றார் வண்டிக்காரர்.

மூவரும் சிரித்தோம்.

குழுவின் முதல் பணி, மாசியில் கிட்டங்கியில் சரக்கை எண்ணுவது. நாங்கள் மூவரும் போயிருந்தோம். கிட்டங்கிக் கணக்கர், வயதான மனிதர், வாசலிலேயே வெற்றிலையில் சூடம் ஏற்றிவைத்துக் காத்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது: ஒரு வார்த்தைக்குச் சாட்சி வேண்டுமென்றால், எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. அப்படிச் செய்த பிறகு அந்த வார்த்தையைத் துருவுவது, செய்தவனை அல்ல, சாமியை அவமதிப்பது. "ஏட்டுல இருக்கிற பேல் பூராம் உள்ள இருக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் எங்கண்ணு அவிஞ்சு போகட்டும்," என்று சொல்லி அவர் உள்ளங்கையால் சூடத்தை அடித்தார். பஞ்சாயத்துப் பெரியவர், "போதும்யா. இதுக்கு மேல என்ன இருக்கு," என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் மட்டும் உள்ளே போனேன். வரிசை வரிசையாகப் பேல்கள். பூட்டும் சாவியும் கம்பெனியுடையவை. நாற்பத்தொன்று என்று நீல மையில் எழுதிய ஒன்பதும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றின் மேல் கை வைத்தேன். என் அக்காளின் கிணறு சாக்குக்குள் கட்டுண்டு கிடக்கிறது என்று ஓர் உவமை தோன்றியது. அதை அடுத்த மேடையில் பயன்படுத்த மனத்தில் குறித்துக்கொண்டேன்.

கிழவரின் சத்தியம் பொய்யன்று. ஒரு பேலும் குறையவில்லை. அவர் கண் கடைசிவரை நன்றாகவே இருந்தது. அதுதான் கொடுமை.

பங்குனியோடு கணக்கு முடிந்தது. வைகாசியில் ஆடிட்டரிடமிருந்து தணிக்கைக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சில், இரண்டு பக்கம். குழுவின் கூட்டம் ஜவுளிக்கடை மாடியில். சேர்மனும் கூடவே இருந்தார். பலகாரம் அவர் செலவு.

"இங்கிலீசுல இருக்கு. தம்பியே படிச்சு நமக்குச் சொல்லட்டும்," என்றார் பெரியவர்.

முதல் மூன்று பத்திகளும் வழக்கமான உபசாரங்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து நல்ல தமிழில் சொல்லி வந்தேன். நான்காம் பத்தியில் நின்றேன். நீண்ட வாக்கியம். விவசாயிகள் சார்பில் வைத்திருக்கும் சரக்கு என்று தொடங்கியது. நடுவில் ஹைப்பாதிகேஷன் என்றொரு சொல். இறுதியில், குழு இதைக் குறித்து இயக்குநர்களிடம் விளக்கம் பெறுவது நலம் என்று முடிந்தது. சொற்கள் தனித்தனியே ஏறக்குறைய விளங்கின. சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது விளங்கவில்லை.

"இது எனக்குப் புரியவில்லை" என்பது ஒரே வாக்கியம். மேடையில் நான் பேசிய பல்லாயிரம் வாக்கியங்களில் அது இருந்ததில்லை. அதற்கு எனக்குப் பயிற்சியும் இல்லை. எதிரே சேர்மன் மிக்சரைக் கிண்ணத்தோடு என் பக்கம் நகர்த்தினார். பெரியவர் முழு நம்பிக்கையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைப் புரட்டினேன். ஐந்தாம் பத்திக்குப் போனேன்.

"ஆக, ஐயத்துக்கு இடமில்லை என்பதே சாரம்," என்று முடித்தேன். மூவரும் கையெழுத்திட்டோம். அறிக்கையை நான்தான் எழுதினேன். படித்தவர்கள் நடையைப் பாராட்டினார்கள்.

ஆனால் அந்தப் பத்தி என்னை விடவில்லை. நான்கு நாள் கழித்துக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கோச்சடைக்குப் பஸ் ஏறினேன். ஆசிரியையின் வீடு எது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெருமுனையில் நின்றபோது, அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் ஐம்பது அடி. அந்த ஐம்பது அடியில், மண்டபமும் விசிலும் தோள் துண்டும், மாணவர்கள் என்று நான் செய்த கேலியும் குறுக்கே நின்றன. கணக்குத் தெரிய வேண்டியதில்லை என்று முழங்கியவன், ஒரு கணக்கு வரிக்குப் பொருள் கேட்டு அந்த வாசலில் நிற்பதா? திரும்பி நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, அது ஏதோ சம்பிரதாய வரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே வாதிட்டு, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

ஆனி முதல் வாரம் மச்சான் வந்தார். ஆள் பேசி, கிணற்றுக்குக் குறிவைத்து, தோண்டத் தொடங்கியிருந்தார். முதல் கட்டக் கூலியை வீட்டிலிருந்த எருமையை விற்றுக் கொடுத்திருந்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். பருத்தி வெல இப்பச் சுமாரா இருக்கு. ஆவணி பொறந்தா ஏறும்ங்கிறாக. இப்பமே ஒம்போதையும் எடுத்து வித்துரவா, இல்ல ரெண்டு மாசம் கெடக்கட்டுமா?"

"ஏன் மச்சான், அவசரமா?"

"அவசரமில்ல. பாறை வார வரைக்கும் கையில இருக்கிறது போதும். கல்லுக்கட்டுக்குத்தான் வேணும். ஐப்பசிக்குள்ள கட்டிரணும், அம்புட்டுத்தான். ஆனா கிட்டங்கி பத்திரந்தான?"

அவர் கேட்டது விலையைப் பற்றியன்று. என்னைப் பற்றி.

"பத்திரந்தான் மச்சான். நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்பறமென்ன!" என்று எழுந்தார். கோப்பைகள் இருந்த பலகையைப் பார்த்து, "இன்னொரு பலகை அடிக்கணும்போலயே மாப்ள," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆவணியில் விலை ஏறத்தான் செய்தது. மச்சான் மாட்டுவண்டி இரண்டைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போன காலையில், கதவில் புதுப் பூட்டும் அரக்கு முத்திரையும் இருந்தன. வங்கியின் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கம்பெனி வாங்கிய கடன் திரும்பாததால் ஈடாகக் காட்டிய சரக்கை வங்கி எடுத்துக்கொண்டது. ஈடாகக் காட்டிய சரக்கில், விவசாயிகளின் எண் எழுதிய பேல்களும் இருந்தன. நாற்பத்தொன்றும் இருந்தது. கிட்டங்கிக் கணக்கர் வெளியே மண்ணில் உட்கார்ந்து, "எண்ணிக்கை சரியாத்தான இருக்கு, எண்ணிக்கை சரியாத்தான இருக்கு," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலை நான் கோச்சடைக்குப் போனேன். இம்முறை ஐம்பது அடியையும் நடந்தேன். ஆசிரியை காபி போட்டுக் கொடுத்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். நான் பாதிக் காபிகூடக் குடித்திருக்க மாட்டேன். அவர் நான்காம் பத்தியில் விரலை வைத்துவிட்டார்.

"இதுல தெளிவா எழுதியிருக்காரே. விவசாயிங்களோட சரக்கையும் கம்பெனி தன்னோட சரக்கா காட்டி, பேங்குல ஈடு வச்சிருக்குது. இதப் பத்திக் கேளுங்கன்னு ஒங்களுக்குத்தான் எழுதியிருக்கார்." தாளைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். "வைகாசியிலயே வந்திருக்கு. அப்பவே கொண்டுவந்திருக்கலாமே தம்பி. ஈடுன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே எல்லாரும் போய் பேங்குல சொல்லியிருக்கலாம், எங்க சரக்குன்னு. ரசீது கையில இருக்குதே."

"வந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும் வந்தேன்."

"பாத்தேன்," என்றார். "வேற யாரு வீட்டுக்கோ வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். கூப்பிட்டிருக்கணும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் அதற்குப் பதில் சொல்லும் திறம் எனக்கு இருந்தது. காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். புறப்படும்போது, "பொதுக்கூட்டம் வருது. இந்தப் பத்திய நீங்களே எழுந்து படிச்சுருங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

புரட்டாசிப் பொதுக்கூட்டத்துக்கு அதே மண்டபம். சேர்மன் வரவில்லை, உடல்நலமில்லை என்று தந்தி. சம்பந்தியும் இல்லை. நாற்காலிகள் போதாமல் சனம் நின்றுகொண்டிருந்தது. கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வந்திருந்தவர்களில் பலருக்கு என்னிடம் இன்னும் நம்பிக்கை இருந்ததுதான் தாங்க முடியாதது.

"அண்ணே, பேசுங்கண்ணே! போன வருசம் பேசுனீகள்ல!"

"பேங்க்காரனக் கிழிச்சுத் தொங்க விடுங்க தம்பி!"

மைக் கைமாறி கைமாறி என்னிடம் வந்தது. அந்தக் கூட்டத்தை வங்கியின் மீதோ சேர்மன் மீதோ திருப்பிவிட எனக்கு மூன்று நிமிடம் போதும். அதை நான் செய்யவில்லை. இதை என் கணக்கில் வரவாக எவரும் வைக்க வேண்டாம். செய்ய வேண்டியதையும் நான் செய்யவில்லையே. "தொண்டை சரியில்லை," என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வரிசை தள்ளி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். காத்திருந்தார். சொன்ன சொல் தவறாமல், அந்தப் பத்தியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடியும் தறுவாயில் எழுந்து, சென்ற ஆண்டின் அதே தாளை விரித்து, அதே மூன்று தகுதிகளை மறுபடியும் முன்மொழிந்தார். மடிப்புகளில் தாள் கிழிந்திருந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. காப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத ஒரு கம்பெனியில், தணிக்கைக் குழுவுக்கு யார் தகுதியானவர் என்பது அன்று ஒருமனதாக முடிவாயிற்று.

மச்சான் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. கிணற்றில் பாறை கண்டுவிட்டது. பாறைக்குக் கீழே ஊற்றும் கசிந்திருந்தது. ஆனால் மேலே பதினைந்தடிக் கரிசலுக்குக் கல் இல்லை. கிடைத்த இடத்திலெல்லாம் கல் கேட்டு அலைந்தார். கல்லுடைப்பவர்கள் முன்பணம் கேட்டார்கள். அவரும் அக்காளும் பனை மட்டைகளையும் கருவேல முள்ளையும் கொண்டுவந்து விளிம்பைச் சுற்றி அணை போட்டார்கள். ஐப்பசி இரண்டாம் வாரம் அடைமழை பிடித்தது. மூன்று நாள்.

மழை விட்ட மறுநாள் போனேன். பேரையூரில் பஸ் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். மச்சான் காட்டில் நின்றுகொண்டிருந்தார். கிணறு இருந்த இடத்தில் அகன்ற பள்ளம் ஒன்று கருஞ்சேறு நிறைந்து கிடந்தது. பனை மட்டை ஒன்று அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. அக்காள் சற்றுத் தள்ளி, முந்தானையை இடுப்பில் செருகியபடி, குடத்தைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"வா மாப்ள. ஓரத்துக்குப் போகாத, மண்ணு இன்னும் எறங்கும்," என்றார் மச்சான்.

என் உயிரைப் பற்றி அவருக்கு இன்னும் கவலை இருந்தது. அதற்குமேல் என்னால் பையில் அந்தத் தாளைச் சுமக்க முடியவில்லை. எடுத்தேன். வைகாசியில் வந்த கடிதம் என்று சொன்னேன். குழுவுக்கு நான் படித்துச் சொன்னபோது ஒரு பத்தியை மட்டும் விட்டுவிட்டேன், புரியாததால் விட்டேன், புரியவில்லை என்று சொல்லக் கூசி விட்டேன் என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் அடுக்காமல், அணி சேர்க்காமல் பேசியது அதுதான்.

"இப்பப் படி," என்றார்.

ஆங்கிலத்தில் படித்தேன். பிறகு, ஆசிரியை சொன்னபடி தமிழில் சொன்னேன். அவர் பள்ளத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதாவது, நம்ம பருத்திய அவுக அடகு வச்சிருக்காக. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான் மச்சான்."

"இத அன்னைக்கே நீ அந்த இங்கிலீசுலயே எங்கிட்ட படிச்சிருந்தாக்கூட, பார்மருன்னு ஒரு சொல்லு வந்திருக்கும்ல. நான் என்னன்னு கேட்டிருப்பேன் மாப்ள." கோபமாகச் சொல்லவில்லை, வேலையில் ஒரு பிசகைக் காட்டுவதுபோலச் சொன்னார். "எனக்குத் தெரியாதுன்னு கேக்கறதுக்கு நான் வெக்கப்பட்டதே இல்லையே."

அக்காள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"ஊரெல்லாம் பேசுற வாயி. தெரியலங்கிற ஒரு சொல்லு அதுல வரலையாடா தம்பி?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்தாள். மழைக்கு ஊருணி நிறைந்திருந்தது. அந்த ஆண்டு அவளுக்கு நடை கொஞ்சம் குறைவுதான்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பேல்களை வங்கி ஏலத்தில் விட்டுவிட்டது. எது யாருடையது என்பதுதான் இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மச்சான் நாற்பத்தொன்று என்று எழுதிய ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தல்லாகுளத்துக்கு வருகிறார். கோர்ட்டு வாசலில் நான் அவருக்காகக் காத்திருப்பேன். வக்கீல் ஏதாவது சொன்னால், அவர் என் பக்கம் திரும்பமாட்டார். நேரே வக்கீலையே பார்த்து, "வெளங்கல சார், இன்னொருக்காச் சொல்லுங்க," என்பார். வக்கீல் மறுபடி சொல்வார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.